ரூதர்போர்டும் ஆல்பாத் துகளும்

பாடப்புத்தகத்தில் ரூதர்போர்டுக்கு ஒதுக்கப்பட்டிருப்பது ஒன்றரைப் பக்கம். ஒரு தங்கத் தகடு. அதன்மேல் பாயும் ஆல்பாத் துகள்கள். அவற்றுள் மிகச் சில திரும்பி வருகின்றன. ஆகவே அணுவின் நடுவே கரு இருக்கிறது. அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் நீல்ஸ் போர் வந்துவிடுகிறார், தேர்வுக்கு அவரே முக்கியம் என்று மாணவர்களும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

முதுகலைப் பௌதிக வகுப்பின் இறுதியாண்டு ஆராய்ச்சிக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள், நெருங்கிச் செறிந்த அணுக்கருப் பொருளுக்குள் ஆல்பாத் துகள்கள் கொத்தாகக் கூடி நிற்க இயலுமா என்பது. இக்கேள்வியின் வேர் எங்கே என்று பின்னோக்கிச் சென்றால், அது ரூதர்போர்டின் வாழ்க்கையில் பாடப்புத்தகம் சொல்லாத ஆண்டுகளில் போய் முடிகிறது. அவ்வாண்டுகளில் அவர் ஒரு கொள்கையை மனமாரப் பற்றியிருந்தார். அது தவறென்று தள்ளப்பட்டது. தள்ளியது சரிதானா என்ற கேள்வி இன்னும் முற்றுப்பெறவில்லை. நம் சங்க மலரில் கவிஞர்களையும் தலைவர்களையும் பற்றி எழுதுவோர் பலர் உண்டு. ஒரு பௌதிக அறிஞரின் வரலாற்றையும் வாசகர்கள் ஏற்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இலக்கியமும் பொருளாதாரமும் பயிலும் அன்பர்களுக்காகக் கணக்குகளை விட்டுவிடுகிறேன்.

எர்னஸ்ட் ரூதர்போர்டு 1871-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் நியூசிலாந்தில் நெல்சன் என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். தந்தை வண்டிச் சக்கரம் செய்யும் தொழிலும் பின்னர் நார் ஆலைத் தொழிலும் செய்தவர். தாய் பள்ளி ஆசிரியை. பன்னிரண்டு குழந்தைகளில் இவர் நான்காமவர். 1886-இல் இவருடைய தம்பியர் இருவர் கடலில் மூழ்கி இறந்தனர். வீட்டில் வசதி குறைவு, வேலை மிகுதி. படிப்பு முழுவதும் உபகாரச் சம்பளத்தில் நடந்தது. அவ்வுதவி ஏதேனும் ஓர் ஆண்டில் நின்றிருந்தால் அவரும் சக்கரப் பட்டறைக்கோ வயலுக்கோ போயிருப்பார்.

1895-இல் இங்கிலாந்து சென்று ஆராய்ச்சி செய்வதற்குரிய உதவித் தொகைக்குப் போட்டியிட்டார். முதலிடம் இவருக்குக் கிடைக்கவில்லை. வேறொரு ரசாயன மாணவர்க்குச் சென்றது. அவர் தம் சொந்த நிலைமை காரணமாக வேண்டாமென்று விட்டுக்கொடுக்க, இரண்டாமவராக இருந்த ரூதர்போர்டு கப்பலேறினார். அணுக்கருப் பௌதிகத்தின் தொடக்கத்தில் இப்படி ஒரு தற்செயல்.

அவர் சென்று சேர்ந்த இடம் கேம்பிரிட்ஜில் உள்ள காவெண்டிஷ் ஆராய்ச்சிசாலை, தலைவர் ஜே. ஜே. தாம்சன். வேறு பல்கலைக்கழகங்களில் பட்டம் பெற்றவர்களை ஆராய்ச்சி மாணவராக ஏற்பதென்று கேம்பிரிட்ஜ் அப்போதுதான் விதியை மாற்றியிருந்தது. அவ்விதியின்கீழ் நுழைந்த முதல் அணியினருள் இவர் ஒருவர். குடியேற்ற நாட்டிலிருந்து வந்த இப்பையனை உள்ளூர்ச் செயல்முறை ஆசிரியர் சிலர் முதலில் ஏளனமாகவே நோக்கினர். சில திங்களில் அவர்களே தங்கள் ஆராய்ச்சிச் சிக்கல்களைத் தூக்கிக்கொண்டு இவரிடம் வந்தனர். ஊரை விட்டு வெகுதூரம் வந்து, சாப்பாடும் பேச்சும் பழகாத ஓரிடத்தில் படிக்கும் நம்மவர் யாருக்கும் இந்தப் பகுதியை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

நியூசிலாந்திலிருந்து அவர் கொண்டுவந்த வேலை வானொலி அலைகளைக் கண்டறியும் கருவி. அதை வைத்து ஏறத்தாழ அரை மைல் தூரத்திலிருந்து வந்த சைகைகளைப் பிடித்துக் காட்டினார். பணம் பண்ணியிருக்கலாம், ஆனால் 1896-இல் பெக்கெரல் யுரேனியத்திலிருந்து தானே புறப்படும் கதிர்களைக் கண்டுபிடித்த செய்தி வந்தது. ரூதர்போர்டு வானொலியைக் கைவிட்டு அந்தப் பக்கம் திரும்பினார். யுரேனியக் கதிர்களின் வழியில் மெல்லிய அலுமினியத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தபோது, கதிர்களில் ஒரு பகுதி முதற்சில தகடுகளிலேயே அடங்கிவிடுவதையும் மற்றொரு பகுதி பல தகடுகளைத் துளைத்துச் செல்வதையும் கண்டார். எளிதில் அடங்கும் கதிருக்குக் கிரேக்க நெடுங்கணக்கின் முதல் எழுத்தையும், மற்றதற்கு இரண்டாம் எழுத்தையும் பெயராக இட்டார். ஆல்பா என்ற பெயர் வந்தது அப்படித்தான். 1899-இல் அச்சேறிய அக்கட்டுரையில் ஆல்பாவுக்கு மதிப்பு அதிகமில்லை. ஒரு தாளைக்கூடத் தாண்ட வலுவற்ற கதிர். எல்லாரும் துளைத்துச் செல்லும் பீட்டாக் கதிரையே துரத்திக்கொண்டிருந்தனர். ரூதர்போர்டு ஆல்பாவை எடுத்துக்கொண்டார். அதன் பிறகு முப்பத்தெட்டு ஆண்டுகள் அதை அவர் விடவில்லை.

1898-இல், இருபத்தேழாம் வயதில், கனடாவின் மாண்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1900-இல் கிறைஸ்ட்சர்ச்சில் தமக்காகக் காத்திருந்த மேரி நியூட்டனை மணந்தார். மாண்ட்ரியலில் பிரடெரிக் சாடி என்ற இளம் ரசாயன அறிஞருடன் சேர்ந்து, கதிர் வீசும் மூலகம் தன்னையே அழித்துக்கொண்டு வேறு மூலகமாக மாறுகிறது என்று நிறுவினார். ரசவாதிகளின் கனவு மீண்டும் வந்துவிட்டதென்று மூத்தோர் நகைத்ததும் பின்பு ஏற்றதும் பலரும் அறிந்த செய்தி. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது ஆல்பாவைப் பற்றிய அவருடைய பிடிவாதம். அக்கதிர் காந்தப் புலத்தில் வளையவே வளையாது என்று பலரும் எண்ணியிருக்க, வலிய காந்தமும் வலிய ரேடியமும் கொண்டு 1903-இல் அதை வளைத்துக் காட்டினார். அது கதிரன்று, நேர்மின் ஏற்றமுள்ள துகள் என்பது தெளிவாயிற்று. ஹீலிய அணுவாக இருக்கலாம் என்ற சந்தேகமும் அப்போதே எழுந்தது.

சந்தேகத்தை உறுதியாக்க இன்னும் ஐந்தாண்டுகள் பிடித்தன. 1907-இல் அவர் மாஞ்செஸ்டருக்கு வந்துவிட்டார். அங்கே பாம்பாக் என்ற கைதேர்ந்த கண்ணாடித் தொழிலாளி ஒரு குழாயை ஊதித் தந்தார். அதன் சுவரின் கனம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. காற்று மண்டலத்தின் அழுத்தத்தைத் தாங்கும். வாயு எதையும் கசியவிடாது. ஆனால் வேகமாக வரும் ஆல்பாத் துகள் மட்டும் துளைத்துக்கொண்டு வெளியேறும். இக்குழாய்க்குள் ரேடியத்திலிருந்து தோன்றும் வாயுவை அடைத்து, வெளியே மற்றொரு குழாயைப் பொருத்தி, அதிலுள்ள காற்றை முற்றும் வெளியேற்றி, ரூதர்போர்டும் ராய்ட்சும் காத்திருந்தனர். இரண்டு நாள் கழித்து வெளிக்குழாயில் மின்சாரம் பாய்ச்சியபோது ஹீலியத்தின் மஞ்சள் கோடு தெரிந்தது. ஆறு நாளில் முழு நிறமாலையும் வந்துவிட்டது. குண்டூரில் தெரிந்த 1868-ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தை ஒட்டிய ஆராய்ச்சிகளில், சூரியனில் முதன்முதலாகக் கண்ணில்பட்ட அதே மஞ்சள் கோடு. மெல்லிய குழாயில் வெறும் ஹீலியத்தையே அடைத்து, அது கசியவில்லை என்பதையும் சரிபார்த்துக்கொண்டனர். அணுப் பௌதிகத்தின் சோதனைகளிலேயே இதைப் போல் எளிமையும் ஐயத்துக்கு இடமின்மையும் கொண்டது வேறொன்றில்லை என்பது என் எண்ணம். தங்கத் தகட்டுக்கு இருக்கும் புகழ் இதற்கு இல்லாதது ஏனென்று தெரியவில்லை.

1908-இல் நோபல் பரிசு கிடைத்தது, பௌதிகத்துக்கன்று, ரசாயனத்துக்கு. பௌதிகமே தம் மதமென்று வாழ்ந்தவருக்கு இது வேடிக்கையாக இருந்தது.

தங்கத் தகட்டைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். பீரங்கிக் குண்டு உவமை எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1909-இல் கைகரும் இருபது வயது மாணவர் மார்ஸ்டனும் பிளாட்டினத் தகட்டில் மோதிய ஆல்பாத் துகள்களில் ஏறத்தாழ 8,000-க்கு ஒன்று பின்னோக்கித் திரும்புவதைக் கண்டனர். இருட்டறையில் அரைமணி நேரம் கண்ணைப் பழக்கிக்கொண்டு, துத்தநாகச் சல்பைடுத் திரையில் எழும் நுண்ணிய மின்மினிப் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். கைகர் இதில் பொறுமைக் கடல். ரூதர்போர்டோ இரண்டு நிமிடத்தில் வைதுவிட்டு எழுந்துவிடுவாராம். ஆனால் எண்ணிக்கையின் பொருளைக் கண்டவர் அவரே. 1911-இல் கரு பிறந்தது.

ஆல்பாவே இங்கும் கருவி என்பதைக் கவனிக்க வேண்டும். பத்தாண்டு முன் பெயரிட்ட பொருள், முதலில் ஆராயப்படும் பொருளாக இருந்தது. இப்போது அதுவே ஆராயும் கோலாகிவிட்டது. முதல் உலகப் போரின்போது பகலில் நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் வேலை. ஓய்ந்த நேரத்தில் காலியாகிவிட்ட ஆராய்ச்சிசாலையில் ஆல்பா வேலை. அவரிடம் பயின்றவர்களில் மிகக் கூரிய அறிவினரான மோஸ்லி 1915-இல் கலிப்போலிப் போர்முனையில் இறந்தார். அவ்விழப்பை ரூதர்போர்டு கடைசிவரை மறக்கவில்லை. போர் முடிந்த அடுத்த ஆண்டு, 1919-இல், நைட்ரஜன் வாயுவில் ஆல்பா மோதும்போது ஹைட்ரஜன் கரு தெறித்து வருகிறது என்று வெளியிட்டார். மனிதன் முதன்முதலாக ஒரு கருவைத் தன் முயற்சியால் மாற்றிவிட்டான். அதே ஆண்டில் தாம்சனுக்குப் பின் காவெண்டிஷின் தலைமையும் அவரிடம் வந்தது.

இனி வருவதுதான் ஒன்றரைப் பக்கத்தில் இல்லாத பகுதி.

கருவுக்குள் என்ன இருக்கிறது? 1920-களில் நியூட்ரான் தெரியாது. புரோட்டான்களும் எலக்ட்ரான்களுமே கருவின் பொருள்கள் என்று கருதினர். ரூதர்போர்டின் எண்ணம் அதற்கு ஒரு படி மேலே சென்றது: இவை தனித்தனியே திரிவதில்லை, நான்கு புரோட்டானும் இரண்டு எலக்ட்ரானும் சேர்ந்து ஆல்பாவாகக் கட்டுண்டு, அந்த ஆல்பாக்களே செங்கற்களாகப் பெரிய கருக்களைக் கட்டியிருக்கின்றன என்று அவர் நம்பினார். காரணமில்லாத நம்பிக்கையன்று. கனமான கதிரியக்க மூலகங்கள் உடையும்போது வெளியே வருவது தனிப் புரோட்டானன்று, முழு ஆல்பா. கார்பன் 12, ஆக்சிஜன் 16, நியான் 20, மக்னீசியம் 24, சிலிக்கன் 28, கந்தகம் 32, கால்சியம் 40 என்று உலகில் மிகுந்து கிடக்கும் மூலகங்களின் எடைகள் நான்கின் மடங்குகளாக வரிசை நிற்கின்றன. இவற்றுக்கும் மேலாக அவருடைய சொந்தச் சோதனை ஒன்று. சாட்விக்குடன் சேர்ந்து அவர் பல மூலகங்களை ஆல்பாவால் தாக்கினார். போரான், நைட்ரஜன், புளோரின், சோடியம், அலுமினியம், பாஸ்பரஸ் ஆகியவற்றிலிருந்து புரோட்டான் தெறித்தது. கார்பனும் ஆக்சிஜனும் அசையவில்லை. ஆல்பாச் செங்கல்லால் மட்டும் கட்டிய சுவரில் உதிரத் தனிக் கல் இல்லை. மற்றவற்றில் இடுக்கில் செருகிய சில்லுகள் இருக்கின்றன, அவையே உதிர்கின்றன. இவ்வளவு அழகாகப் பொருந்தும் விளக்கத்தை யார்தான் விடுவார்?

முதல் அடி அவருடைய ஆராய்ச்சிசாலையிலிருந்தே வந்தது. பிளாக்கெட் என்ற இளைஞர், ஆல்பா நைட்ரஜனில் மோதும் காட்சியை முகில் கலத்தில் 20,000-க்கு மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஏறத்தாழ நான்கு லட்சம் தடங்களில் எட்டு மட்டுமே கவட்டைபோல் பிரிந்தன. புரோட்டானைத் தட்டிவிட்டுத் தன் வழியே ஆல்பா போயிருந்தால் மூன்று கிளை தெரிய வேண்டும், தெரிந்தவை இரண்டே. வந்த ஆல்பா கருவுக்குள்ளேயே கரைந்து, நைட்ரஜனை ஆக்சிஜனாக்கிவிட்டிருந்தது. 1925-இல் வந்த இந்த முடிவை ரூதர்போர்டு மகிழ்ச்சியுடன் ஏற்றார். ஆயினும் செங்கல் கொள்கையை விடவில்லை.

அடுத்த சிக்கல் இன்னும் கடினம். யுரேனியத்தை மிக வேகமான ஆல்பாவால் தாக்கினாலும் கருவின் மின் விலக்கு அதைத் தள்ளிவிடுகிறது. கருவைச் சுற்றி அவ்வளவு உயரமான மதில். அதே யுரேனியம் தானாக வெளிவிடும் ஆல்பாவின் சக்தியோ மதிலின் உயரத்தில் பாதிகூட இல்லை. உள்ளேயிருந்து மதிலின் உச்சிக்கு ஏறியது எப்படி? ஏறியிருந்தால் அந்தப் பக்கம் இறங்கும்போது பெரும் வேகம் பெற்றிருக்க வேண்டுமே? 1927-இல் ரூதர்போர்டு ஒரு விடை சொன்னார். கருவின் உள்மையத்தைச் சுற்றி ஆல்பாக்கள், ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரானைக் கட்டிக்கொண்டு மின்னேற்றமற்றவையாக, துணைக்கோள்கள்போல் சுழல்கின்றன. மதிலைத் தாண்டியபின் எலக்ட்ரான்களை உதறிவிடுகின்றன. நான் அக்கட்டுரையின் கருத்தை முதலில் படித்தபோது எனக்குச் சிறிது வருத்தமாகவே இருந்தது. இவ்வளவு தெளிவாக இயற்கையைக் கண்ட ஒருவர், தம் ஆல்பாவைக் காப்பாற்ற இவ்வளவு சுற்றிவளைக்க வேண்டியிருந்ததே என்று.

அதே கட்டுரையை 1928-ஆம் ஆண்டுக் கோடையில் கோட்டிங்கன் நூலகத்தில் படித்தவர் காமாவ் என்ற ருஷ்ய இளைஞர். வயது இருபத்து நான்கு. புதிய அலைப் பௌதிகத்தின்படி துகள் மதிலின்மேல் ஏறவே வேண்டாம், ஊடுருவியே வெளிவரலாம் என்று அவர் கணக்கிட்டார். அமெரிக்காவில் கர்னியும் காண்டனும் தனியே அதே முடிவுக்கு வந்தனர். துணைக்கோள்களுக்கு வேலையில்லாமற் போயிற்று. ரூதர்போர்டு கணிதக் கொள்கையாளர்களைக் கேலி பேசுபவர் என்று பெயர் பெற்றவர். எனினும் கேம்பிரிட்ஜுக்கு வந்த காமாவை வரவேற்றார். உள்ளேயிருந்து வெளியே ஊடுருவ முடியுமானால் வெளியேயிருந்து உள்ளேயும் முடியும் என்று காக்கிராப்ட் சொன்னபோது, இயந்திரம் கட்டப் பணம் தேடிக் கொடுத்தார். தம் கொள்கையைத் தோற்கடித்த கணக்கை நம்பிப் பணம் செலவிட்டார் என்பதே அவரைப் பற்றி நான் மிகவும் வியக்கும் செய்தி.

1930-ஆம் ஆண்டு டிசம்பரில் அவருடைய ஒரே மகள் எலீன், நான்காம் குழந்தை பிறந்த சில நாளில் இறந்தார். அதன் பின் ரூதர்போர்டு முதுமை எய்திவிட்டார் என்று அருகிலிருந்தோர் கூறுவர். அவருடைய குரல் மிகப் பெரியது. அவர் பேசினால் நுட்பமான கருவிகள் தடுமாறும் என்று, மெல்லப் பேசும்படி வேண்டும் பலகை ஒன்றை ஆராய்ச்சிசாலையில் தொங்கவிட்டிருந்தனர். சுருதி சேராமல் ஒரு தேவாலயப் பாட்டைப் பாடிக்கொண்டே அறை அறையாகச் சுற்றி வருவார். கோபம் வந்தால் கத்திவிட்டு, பிறகு தாமே வந்து வருத்தம் தெரிவிப்பார். பேரப்பிள்ளைகள் நால்வர்மீதும் உயிராக இருந்தார்.

இரண்டு ஆண்டு கழித்துக் காவெண்டிஷில் வசந்தம் வந்தது. 1932-இன் தொடக்கத்தில், பொலோனியத்தின் ஆல்பாக்களால் பெரிலியத்தைத் தாக்கிய சாட்விக், பன்னிரண்டு ஆண்டுக்கு முன்பே ரூதர்போர்டு ஊகித்துச் சொன்ன நியூட்ரானைக் கண்டுபிடித்தார். ஏப்ரலில் காக்கிராப்டும் வால்டனும் தங்கள் இயந்திரத்தால் லித்தியத்தின்மீது புரோட்டான்களைச் செலுத்தினர். இயந்திரத்தின் அடியில் ஈயம் பூசிய சிறு பெட்டியறைக்குள், பருத்த உடலை மடக்கி, ரூதர்போர்டு நுழைந்து உட்கார்ந்தார். திரையில் பொறிகள் தெரிந்தன. யாரும் சொல்லாமலே அவை ஆல்பாக்கள் என்று கண்டுகொண்டார். அவற்றின் பிறப்பிலிருந்து பழகியவர் அல்லவா? ஏழு எடையுள்ள லித்தியமும் ஒரு புரோட்டானும் சேர்ந்து, சரிபாதியாக இரண்டு ஆல்பாவாகப் பிளந்திருந்தன.

நியூட்ரான் வந்ததும் செங்கல் கொள்கை சரிந்தது. கருவில் எலக்ட்ரான் இல்லை; புரோட்டானும் நியூட்ரானுமே உண்டு. ஆல்பா என்பது இரண்டு புரோட்டானும் இரண்டு நியூட்ரானும். 1936-இல் போர் கருவை ஒரு திரவத் துளியாக உருவகித்தார். துளியில் யாரும் யாரோடும் நிரந்தரமாகக் கூட்டுச் சேர்வதில்லை. 1937 அக்டோபர் 19-ஆம் நாள், குடலிறக்கத்துக்கான அறுவைச் சிகிச்சைக்குப் பின், அறுபத்தாறு வயதில் ரூதர்போர்டு காலமானார். அவர் சாம்பல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் நியூட்டனின் சமாதிக்கு அருகே வைக்கப்பட்டது.

நாம் படிக்கும் இந்தக் கல்கத்தா நகரம் இங்கே வருகிறது. 1938 ஜனவரியில் இந்திய விஞ்ஞான காங்கிரஸின் வெள்ளிவிழா இங்கு நடைபெற்றது. தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருந்தவர் ரூதர்போர்டு. உரையையும் எழுதி முடித்திருந்தார். அவர் மறைந்தபின் ஜேம்ஸ் ஜீன்ஸ் தலைமையேற்று, அவ்வுரையைச் சபையில் அளித்தார்.

அந்த ஆண்டே ஹாப்ஸ்டாடும் டெல்லரும், பெரிலியம், கார்பன், ஆக்சிஜன் போன்ற சிறு கருக்களின் கட்டுச் சக்தி ஆல்பாக்களை மூலைகளில் வைத்த வடிவங்களுக்கு நன்கு பொருந்துகிறது என்று எழுதினர். பெருங்கருக்களில் பொய்த்துப்போன கொள்கை சிறு கருக்களில் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. 1953-இல் ஹாயில், நட்சத்திரங்களில் மூன்று ஆல்பா சேர்ந்து கார்பன் உண்டாக வேண்டுமானால் அக்கருவுக்கு ஏறத்தாழ 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கிளர்ந்த நிலை இருந்தே தீர வேண்டும் என்றார். கலிபோர்னியாவில் தேடினர், இருந்தது. அந்நிலையில் கார்பன், மூன்று ஆல்பாக்கள் தளர்வாகக் கைகோத்து நிற்கும் கொத்து. 1968-இல் ஜப்பானிய அறிஞர் இகெடா, ஒரு கரு கொத்துகளாகப் பிரிந்துவிடும் சக்தியை நெருங்கும்போதுதான் கொத்து வடிவம் வெளிப்படும் என்று ஒழுங்குபடுத்தினார்.

தரைநிலையிலுள்ள கனமான கருவுக்குள் ஆல்பா ஏன் நிற்பதில்லை? விடை ரூதர்போர்டின் வீட்டுக்குள்ளேயே ஒருவிதத்தில் இருந்தது. அவருடைய மருமகன் ரால்ப் பௌலர் 1926-இல் அடர்ந்த பொருளைப் பற்றி எழுதிய கட்டுரையில், ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் இருக்க முடியாதென்ற பௌலியின் விலக்கு விதியால்தான் வெள்ளைக் குறுமீன்கள் நொறுங்காமல் நிற்கின்றன என்று காட்டினார். அந்தப் பௌலரிடம் ஆராய்ச்சி மாணவராக 1930-இல் பம்பாயிலிருந்து கப்பலேறியவர் சந்திரசேகர். அத்தாங்குதலுக்கும் ஓர் எல்லை உண்டென்று வழியிலேயே கணக்கிட்டவர். எலக்ட்ரான்களுக்குரிய அதே விதி புரோட்டான்களுக்கும் நியூட்ரான்களுக்கும் உண்டு. ஆல்பாவில் இரு புரோட்டான்கள் எதிரெதிர்ச் சுழற்சியோடும், இரு நியூட்ரான்கள் அவ்வாறே எதிரெதிர்ச் சுழற்சியோடும், நால்வரும் கீழான ஒரே நிலையில் ஒடுங்கியிருக்கின்றனர். அதனால்தான் அது அவ்வளவு இறுக்கமானது, பிரிக்க 28.3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். சுற்றிலும் பொருள் செறியும்போது, அந்தக் கீழ்நிலைகளை அயலார் முன்பே பிடித்துக்கொண்டிருப்பர். நால்வர்க்கும் சேர்ந்திருக்க இடமில்லை. கட்டுத் தளர்ந்து கூட்டத்தில் கரைந்துவிடுகின்றனர். கருவின் நடுப்பகுதிப் பொருள் ஒரு கன சென்டிமீட்டர் இருக்குமானால் அதன் எடை ஏறத்தாழ 27 கோடி டன். அந்தச் செறிவில் ஐந்தில் ஒரு பங்கை நெருங்கும்போதே ஆல்பாவுக்கு வாழ்வில்லை என்று கணக்குகள் காட்டுகின்றன. ஆனால் அதற்குக் கீழே நிலைமை வேறு. வெடிக்கும் நட்சத்திரத்தில், பொருள் ஐதாகவும் வெப்பம் அளவாகவும் உள்ள பகுதிகளில் ஆல்பாக்கள் மீண்டும் கூடுகின்றன.

தேர்த் திருவிழாவை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடிக்கும் நெரிசலில் தாயும் தகப்பனும் இரு பிள்ளைகளும் கைகோத்து நிற்க முடியாது. நால்வரும் நான்கு திசையில் போய்விடுவர். வீதியின் ஓரத்தில், பொரிகடலைக் கடைப் பக்கம், அதே நால்வர் குடும்பமாக நிற்பார்கள். கருவுக்கும் ஓரம் உண்டு. அதன் மேற்பரப்பில் செறிவு படிப்படியாகக் குறைந்து சுழியாகிறது. அந்த மெல்லிய தோலில் ஆல்பா கூடலாம் அல்லவா? கூடுமானால், யுரேனியத்திலிருந்து வெளிவரும் ஆல்பா புறப்படும் முன்பே அங்கே உருவாகியிருக்கிறது என்று பொருள்.

2021-இல் வெளிவந்த ஒரு சோதனை இதைத்தான் பார்த்தது. ஜப்பானில் ஒசாகாவின் அணுக்கரு ஆராய்ச்சி நிலையத்தில், 112 முதல் 124 வரை எடையுள்ள நான்கு வகை வெள்ளீயக் கருக்களின்மீது வேகப் புரோட்டான்களை ஏவி, அடிபட்ட புரோட்டானையும் தெறித்த ஆல்பாவையும் ஒருசேரப் பிடித்தனர். ஆல்பா முன்பே உருவாகி நின்றிருந்தால் எப்படித் தெறிக்குமோ அப்படியே தெறித்தது. நியூட்ரான் மிகுந்த வெள்ளீயத்தில் ஆல்பாக்கள் குறைந்தன. தோலில் நியூட்ரான் நிறையும்போது சோடி சேரப் புரோட்டான் கிடைப்பதில்லை. சில ஆண்டுக்கு முன் கணக்கில் சொல்லியிருந்ததும் இதுவே. ரூதர்போர்டின் துணைக்கோள் ஆல்பாக்கள் எலக்ட்ரான் கட்டியவை, இவை அப்படியல்ல. சுழல்வதுமில்லை. எனினும் உள்மையத்துக்கு வெளியே, ஓரத்தில், ஆல்பாக்கள் உண்டு என்ற அளவுக்கு 1927-ஆம் ஆண்டுக் கட்டுரையின் படமும் ஒசாகாவின் படமும் ஒன்றுபோலவே இருக்கின்றன. முன்னதை எழுதியவருக்கு இருந்த ஆதாரம் வேறு, காரணம் தவறு. அந்த ஒற்றுமையை வெறும் தற்செயல் என்று என் நண்பர் ஒருவர் வாதிடுகிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது ஆண்டு ஒரே துகளோடு பழகியவருக்கு, விதி தெரியாமலே அதன் இருப்பிடம் புலப்பட்டிருக்க வேண்டும்.

இன்னொரு கேள்விக்கு விடை தேடியவர்கள் இந்நகரத்திலேயே இருந்தார்கள். ஹாயில் சொன்ன கார்பன் நிலை உடையும்போது மூன்று ஆல்பாவும் ஒரே கணத்தில் பிரிகின்றனவா, அல்லது முதலில் ஒன்று விலகி, எஞ்சிய பெரிலியம் பின்னர் இரண்டாகிறதா? சால்ட் லேக்கில் உள்ள சைக்ளோட்ரானில் 60 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆல்பாக்களைக் கார்பன்மீது செலுத்திப் பார்த்தவர்கள், நூற்றில் ஒன்றுக்கும் சற்றுக் குறைவாகவே மூன்றும் ஒருசேரப் பிரிகின்றன என்று 2013-இல் வெளியிட்டனர். 2017-இல் வேறு நாடுகளில் செய்த சோதனைகள் அந்த அளவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் கீழே இறக்கிவிட்டன.